பரிந்துரையும் சான்றும்: தமிழ்நாட்டில் ஆலோசனை ஆணையங்களின் அதிகாரம்

மாநில அரசு ஒரு குழுவையோ ஆணையத்தையோ அமைத்தால் இரண்டு விதமான விமர்சனங்கள் எழுவது வழக்கம். சிக்கலான பிரச்சினையைக் கிடப்பில் போடுவதற்குத்தான் ஆணையம் என்பது ஒன்று. மக்கள் தேர்ந்தெடுக்காதவர்களிடம் கொள்கையை ஒப்படைக்கலாமா என்பது மற்றொன்று. முதலாவது ஆணையத்துக்கு அதிகாரமே இல்லை என்கிறது; இரண்டாவது அதிகாரம் மிகுந்துவிட்டது என்கிறது. ஆனால் இரண்டும் ஒரே அளவுகோலைத்தான் பயன்படுத்துகின்றன: பரிந்துரை ஏற்கப்பட்டதா, இல்லையா?

அந்த அளவுகோல் போதாது என்பது இக்கட்டுரையின் வாதம். தமிழ்நாட்டின் இடஒதுக்கீட்டு வரலாற்றில் ஆணையங்களின் பரிந்துரைகளை அரசுகள் குறைத்திருக்கின்றன, கூட்டியிருக்கின்றன, பல ஆண்டுகள் தள்ளிப்போட்டிருக்கின்றன. அதனால் மட்டும் எந்தச் சட்டமும் வீழ்ந்துவிடவில்லை. சான்று போதாமல் இயற்றிய சட்டம் வீழ்ந்தது. ஆலோசனை ஆணையத்தின் உண்மையான அதிகாரம், அது பரிந்துரைக்கும் விழுக்காட்டைவிட அதற்காக அது திரட்டும் சான்றில்தான் தங்கியிருக்கிறது. அந்தச் சான்றைப் பேரவையும் நீதிமன்றமும் பொதுமக்களும் பார்க்க முடியுமா என்பதே ஆணையங்களைப் பற்றி நாம் கேட்கவேண்டிய முதல் கேள்வி.

மூன்று வகை அமைப்புகள்

மாநில அரசைச் சுற்றி இயங்கும் அமைப்புகளைச் சட்ட அடிப்படையில் மூன்றாகப் பிரிக்கலாம். முதல் வகை, சட்டத்தால் பிறந்த வாரியங்கள். வீட்டு வசதி வாரியம், குடிநீர் வடிகால் வாரியம், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், உடலுழைப்புத் தொழிலாளர்களுக்கான நல வாரியங்கள் ஆகியவை இதில் அடங்கும். இவற்றுக்குத் தனி நிதியும் நிர்வாகப் பொறுப்பும் உண்டு.

இரண்டாம் வகை, 1952ஆம் ஆண்டின் விசாரணை ஆணையங்கள் சட்டப்படி அமைபவை. சாட்சிகளை வரவழைக்கவும் ஆவணங்களைக் கேட்டுப் பெறவும் உரிமையியல் நீதிமன்றத்துக்குரிய அதிகாரம் இவற்றுக்கு உண்டு. இச்சட்டத்தின் 3(4) பிரிவு இங்கே முக்கியமானது. ஆணையம் அறிக்கை தந்த 6 மாதத்துக்குள், எடுக்கப்பட்ட நடவடிக்கை பற்றிய குறிப்புடன் அதைச் சட்டமன்றத்தில் வைத்தாகவேண்டும் என்று அது அரசைக் கட்டுப்படுத்துகிறது. 2018 மே 22 அன்று நடந்த தூத்துக்குடித் துப்பாக்கிச் சூட்டை விசாரித்த நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் 2022 மே மாதம் இறுதி அறிக்கையைத் தந்தது. அது அவ்வாண்டு அக்டோபரில் பேரவைக்கு வந்தது. இத்தகைய ஆணையத்தின் முடிவுகள் தாமாக யாரையும் கட்டுப்படுத்தாது என்று உச்ச நீதிமன்றம் 1958லேயே ராமகிருஷ்ண டால்மியா வழக்கில் கூறிவிட்டது. ஆக, அரசு அதன் முடிவுகளை ஏற்கவேண்டிய கட்டாயம் இல்லை. பதில் சொல்லவேண்டிய கட்டாயம் உண்டு.

மூன்றாம் வகை, அரசாணையால் மட்டுமே அமைபவை. மத்திய-மாநில உறவுகளை ஆராய 1969இல் அமைத்த ராஜமன்னார் குழு, 1971இல் முதலமைச்சர் தலைமையில் தொடங்கிய மாநிலத் திட்டக் குழு, 2021இல் நீட் தேர்வின் விளைவுகளை ஆராய்ந்த ஏ.கே. ராஜன் குழு, மாநில உரிமைகளுக்காக 2025இல் அமைத்த குரியன் ஜோசப் குழு ஆகியவை இவ்வகை. அரசமைப்பின் 162ஆம் கூறு தரும் நிர்வாக அதிகாரமே இவற்றின் வேர். அறிக்கையை வெளியிடவோ பேரவையில் வைக்கவோ பதில் தரவோ அரசுக்குக் காலக்கெடு கிடையாது. நடைமுறையில் முக்கியமான கொள்கைகள் பெரும்பாலும் இந்த மூன்றாம் வகையிலிருந்தே வருகின்றன. சட்டத்தின் கட்டுப்பாடு குறைவாக இருப்பதும் இங்கேதான்.

சட்டநாதன் முதல் அம்பாசங்கர் வரை

தமிழ்நாட்டின் முதல் பிற்படுத்தப்பட்டோர் ஆணையத்தை ஏ.என். சட்டநாதன் தலைமையில் 1969இல் மு. கருணாநிதி அரசு அமைத்தது. 1970இல் வந்த அறிக்கை பிற்படுத்தப்பட்டோருக்கு 33 விழுக்காடு வேண்டும் என்றது. அவர்களில் மிகவும் பின்தங்கியவர்களைத் தனியே பிரிக்கவேண்டும் என்றும், வசதி பெற்றுவிட்டவர்களை விலக்கவேண்டும் என்றும் சொன்னது. அரசு மூன்றையும் அப்படியே ஏற்கவில்லை. 1971இல் பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீடு 25இலிருந்து 31 விழுக்காடாகவும், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஒதுக்கீடு 16இலிருந்து 18 ஆகவும் உயர்ந்தன. பிரிவினையும் வருமான வரம்பும் அறிக்கையிலேயே நின்றுவிட்டன.

ஆனால் அவை அங்கேயே மடிந்துவிடவில்லை. எம்.ஜி. ராமச்சந்திரன் அரசு 1979இல் 9,000 ரூபாய் ஆண்டு வருமான வரம்பைக் கொண்டுவந்தது. 1980 மக்களவைத் தேர்தலில் படுதோல்வி கண்டதும் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீட்டை 50 விழுக்காடாக உயர்த்தியது. மிகவும் பிற்படுத்தப்பட்டோரைத் தனியே பிரிக்கும் யோசனை அதைவிட அதிக காலம் காத்திருந்தது. 1987இன் வன்னியர் போராட்டத்துக்குப் பிறகு, 1989இல்தான் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கும் சீர்மரபினருக்கும் சேர்த்து 20 விழுக்காடு தனியே ஒதுக்கப்பட்டது. ஆணையம் சொன்னதற்கும் அரசு செய்ததற்கும் இடையே 19 ஆண்டுகள். இடையில் தெருவில் நடந்த போராட்டம் இல்லாமல் அந்தப் பரிந்துரை உயிர் பெற்றிருக்குமா என்பது ஐயம்தான். அதே சமயம், கோரிக்கைக்கு நிர்வாக வடிவம் கொடுக்கத் தேவையான வகைப்பாடு ஏற்கெனவே ஓர் அரசு அறிக்கையில் இருந்தது என்பதையும் மறுக்க முடியாது.

1980இன் 50 விழுக்காடு இன்னொரு பாடம். புதிய ஆய்வு எதுவுமின்றி எடுத்த முடிவு அது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனபோது, பின்தங்கிய நிலையை ஆராய ஓர் ஆணையம் அமைக்கவேண்டிய நிலை அரசுக்கு வந்தது. 1982 டிசம்பரில் ஜே.ஏ. அம்பாசங்கர் தலைமையில் அமைந்த இரண்டாம் ஆணையம் வீடு வீடாகக் கணக்கெடுத்து 1985இல் அறிக்கை தந்தது. தலைவர் ஒதுக்கீட்டைக் குறைக்கச் சொன்னார். 21 உறுப்பினர்களில் 14 பேர் அவரோடு உடன்படவில்லை. 50 விழுக்காட்டை அரசு மாற்றவில்லை. 1955இல் தம் ஆணையத்தின் அறிக்கையோடே முரண்பட்டுக் கடிதம் எழுதிய, முதல் தேசியப் பிற்படுத்தப்பட்டோர் ஆணையத்தின் தலைவர் காகா காலேல்கரின் நிலை இங்கே நினைவுக்கு வரும். தலைவரும் உறுப்பினர்களும் பிளவுபட்டதால் அம்பாசங்கர் ஆணையத்தின் பரிந்துரை வலுவிழந்தது. அதன் கணக்கெடுப்போ அடுத்த 40 ஆண்டுகளுக்கு மாநிலத்தின் அடிப்படைத் தரவாக நின்றது.

7.5உம் 10.5உம்

அண்மையில் வந்த இரண்டு சட்டங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் பரிந்துரைக்கும் சான்றுக்கும் உள்ள வேறுபாடு தெளிவாகும்.

நீட் தேர்வுக்குப் பின் அரசுப் பள்ளி மாணவர்கள் மருத்துவக் கல்லூரிகளில் மிகச் சொற்ப எண்ணிக்கையில்தான் சேர முடிந்தது. இதை ஆராய 2020இல் ஓய்வுபெற்ற நீதிபதி பி. கலையரசன் தலைமையில் ஆணையம் அமைந்தது. அது 10 விழுக்காடு உள் ஒதுக்கீடு தரலாம் என்றது. எடப்பாடி பழனிசாமி அரசு 7.5 விழுக்காட்டுக்குச் சட்டம் இயற்றியது. பரிந்துரையில் கால் பங்கு வெட்டப்பட்டது. ஆயினும் 2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லும் என்றது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கும் மற்றவர்களுக்கும் இடையிலான ஏற்றத்தாழ்வு ஆய்வின் வழியே காட்டப்பட்டிருந்தது.

2021 பிப்ரவரியில், தேர்தல் அறிவிப்பு வெளியான அதே நாளில், வன்னியர்களுக்கு 10.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு தரும் சட்டம் நிறைவேறியது. 20 விழுக்காட்டில் மீதி 7, 2.5 எனப் பிற சமூகங்களுக்குப் பிரிக்கப்பட்டது. இந்த 10.5 புதிய எண் இல்லை. 2012இல் நீதிபதி எம்.எஸ். ஜனார்த்தனம் தலைமையிலான பிற்படுத்தப்பட்டோர் ஆணையத்தில் தலைவர் அதைப் பரிந்துரைத்திருந்தார். உறுப்பினர்களில் பெரும்பாலோர் உடன்படவில்லை. சாதிவாரித் தரவுகளைத் திரட்ட 2020 டிசம்பரில் அமைத்த நீதிபதி குலசேகரன் ஆணையத்தின் பணி முடியும் முன்பே சட்டம் வந்துவிட்டது. 2022 மார்ச் 31 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. உள் ஒதுக்கீடு தரும் அதிகாரம் மாநிலச் சட்டமன்றத்துக்கு இல்லை என்று உயர் நீதிமன்றம் கூறியிருந்ததை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. அதிகாரம் உண்டு என்றது. ஒரு சமூகத்தை மற்றவற்றிலிருந்து தனியே பிரிக்கத் தக்க அண்மைக்காலத் தரவு இல்லை, 1980களின் அம்பாசங்கர் கணக்கையும் மக்கள்தொகை விகிதத்தையும் மட்டும் நம்பியது போதாது என்பதே அதன் காரணம்.

முதல் சட்டம் ஆணையத்தின் எண்ணிலிருந்து விலகியது, நிலைத்தது. இரண்டாவது, ஆணையத் தலைவர் ஒருவர் சொன்ன எண்ணையே அப்படியே ஏற்றது, வீழ்ந்தது. பரிந்துரைக்குக் கீழ்ப்படிவது அரசைக் காப்பாற்றவில்லை. இங்கே முன்சொன்ன கருத்தில் ஒரு திருத்தமும் தேவைப்படுகிறது. சட்டநாதனின் வகைப்பாடு போன்ற யோசனை பல ஆண்டுகள் தாங்கும். கணக்கெடுப்புக்கு ஆயுள் குறைவு. அறிக்கையைக் கிடப்பில் போடுவதன் உண்மையான இழப்பு இதுதான். பரிந்துரையைப் பின்னால் எடுத்துக்கொள்ளலாம். அதைத் தாங்கும் தரவு அதற்குள் பழசாகிவிடும்.

மறுப்புகள்

சான்றுக்கு இவ்வளவு எடை கொடுத்தால் அரசியலை நீதிமன்றத்திடம் ஒப்படைத்தது ஆகாதா என்று கேட்கலாம். வாக்காளருக்குப் பொறுப்பான சட்டமன்றம் ஒவ்வொரு முடிவுக்கும் புள்ளிவிவரம் காட்டவேண்டுமா? இந்த ஐயம் நியாயமானதே. ஆனால் நலத்திட்டம் ஒன்றை அறிவிப்பதும், சமவாய்ப்புக்கான உரிமைகளைக் குழுக்களிடையே பங்கிடுவதும் வேறுவேறு. இரண்டாவதில் ஒருவருக்குக் கொடுக்கும்போது இன்னொருவரிடமிருந்து எடுக்கிறோம். எடுக்கப்பட்டவருக்குக் காரணம் கேட்கும் உரிமை உண்டு. பிகார் 2023இல் சாதிவாரிக் கணக்கெடுப்பே நடத்தி ஒதுக்கீட்டை 65 விழுக்காடாக்கியது. 2024இல் பாட்னா உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. தலைக்கணக்கு இருந்தது, போதிய பிரதிநிதித்துவம் இல்லை என்பதற்கான ஆய்வு இல்லை.

இரண்டாவது மறுப்பு இன்னும் கடினமானது. சான்று வலுவாக இருந்தும் ஒன்றும் நடக்காத இடங்கள் உண்டு. ஏ.கே. ராஜன் குழுவுக்கு 86,000க்கும் மேற்பட்ட கருத்துகள் வந்தன. குழுவை எதிர்த்த வழக்கை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அறிக்கையின் அடிப்படையில் 2021 செப்டம்பரில் மசோதா நிறைவேறியது, ஆளுநர் திருப்பியனுப்பினார், 2022 பிப்ரவரியில் மீண்டும் நிறைவேறியது, குடியரசுத் தலைவரின் ஒப்புதல் மறுக்கப்பட்டுவிட்டதாக 2025 ஏப்ரலில் பேரவையில் அறிவிக்கப்பட்டது. மாநிலத்தின் அதிகார எல்லைக்கு அப்பால் முடிவு இருக்கும்போது, ஆணையத்தின் சான்று அரசியல் வாதமாக மட்டுமே மிஞ்சும். அது பயனற்றது என்று சொல்லிவிட முடியாது. ராஜமன்னார் குழு 1971இல் தந்த அறிக்கையை ஒட்டி 1974இல் பேரவை மாநில சுயாட்சித் தீர்மானம் நிறைவேற்றியது. ஒன்றிய அரசு ஏற்காவிட்டாலும் அந்த விவாதம் அரை நூற்றாண்டாக நீடிக்கிறது.

வாரியங்களின் நிலை

வாரியங்களைச் சுருக்கமாகப் பார்த்தால் போதும். அவற்றின் சிக்கல் வேறு. சட்டம் அவற்றுக்குத் தனி ஆளுமை தருகிறது, பிறகு அரசின் கட்டளைக்கு உட்படுத்துகிறது. 2003இல் நீக்கப்பட்ட 1948ஆம் ஆண்டு மின்வழங்கல் சட்டத்தின் 78ஏ பிரிவின்படி கொள்கை விஷயங்களில் மின் வாரியம் மாநில அரசின் வழிகாட்டலைப் பின்பற்றவேண்டியிருந்தது. 1974ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 18ஆம் பிரிவு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தை அரசின் ஆணைகளால் கட்டுப்படுத்துகிறது. அதே சட்டத்தின் 17ஆம் பிரிவு, அரசுக்கு ஆலோசனை சொல்வதையும் வாரியத்தின் கடமையாக்குகிறது. ஆலோசனை சொல்பவரும் ஆணைக்குக் கட்டுப்படுபவரும் ஒருவரே. எந்த ஆலோசனை சொல்லப்பட்டது, எது புறக்கணிக்கப்பட்டது என்பது பொதுவெளிக்கு வருவதில்லை. மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்களில் யாரை நியமிப்பது என்பதற்கு விதிமுறை வகுக்கும்படி 2017இல் உச்ச நீதிமன்றம் மாநிலங்களிடம் சொன்னது. தகுதியான நியமனம் தேவைதான். ஆனால் நல்லவர் தரும் ஆலோசனையும் கோப்புக்குள் புதைந்தால் பயனில்லை.

என்ன செய்யலாம்

தேவையான விதி புதியதன்று. 1992 மண்டல் வழக்குத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம், பிற்படுத்தப்பட்டோர் பட்டியல் பற்றிய நிரந்தர அமைப்பின் ஆலோசனை சாதாரணமாக அரசைக் கட்டுப்படுத்தும், மறுத்தால் காரணத்தைப் பதிவுசெய்யவேண்டும் என்ற நெறியை வகுத்தது. தேசிய ஆணையத்தின் ஆலோசனையைத் தக்க காரணமின்றி ஒதுக்கிவிட்டு ஜாட் சமூகத்தைப் பட்டியலில் சேர்த்த ஒன்றிய அரசின் அறிவிக்கை 2015இல் ரத்தானதும் இந்த நெறியால்தான்.

இதை அரசாணையால் அமையும் குழுக்களுக்கும் விரிக்கும் சட்டம் ஒன்றைத் தமிழ்நாடு இயற்றலாம். அறிக்கை வந்த 6 மாதத்துக்குள் அது அரசின் பதிலுடன் பேரவைக்கு வரவேண்டும். உறுப்பினர்களின் மாறுபட்ட குறிப்புகளும், தனிநபர் விவரங்கள் நீக்கிய மூலத் தரவும் அறிக்கையோடு வெளியாகவேண்டும். வாரியங்கள் கொள்கை விஷயத்தில் அரசுக்கு எழுத்தில் தரும் ஆலோசனையும் ஆண்டறிக்கையில் இடம்பெறவேண்டும். இப்படிக் கட்டுப்படுத்தினால் அரசுகள் குழு அமைப்பதையே நிறுத்திவிடும் என்பார்கள். நிறுத்தினால் விலை என்ன என்பதை 10.5 வழக்கு காட்டிவிட்டது.

2025 ஏப்ரலில் ஒன்றிய அமைச்சரவை அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாதியையும் சேர்க்க முடிவெடுத்தது. எண்ணிக்கை கைக்கு வந்ததும் எல்லா மாநிலங்களிலும் விழுக்காட்டுக் கோரிக்கைகள் எழும். பாட்னா தீர்ப்பும் 10.5 தீர்ப்பும் ஒருசேரச் சொல்வதுபோல், தலைக்கணக்கைப் பின்தங்கிய நிலைக்கான சான்றாக மாற்றும் வேலை மாநிலத்துடையது. அதைச் செய்யவேண்டியது மாநிலப் பிற்படுத்தப்பட்டோர் ஆணையம். அந்த ஆணையத்துக்குக் களஆய்வு செய்யும் ஆட்களும் நிதியும், அறிக்கைக்குக் காலக்கெடுவோடு பதில் பெறும் உரிமையும் கணக்கெடுப்பு முடிவதற்கு முன்பே கிடைக்கவேண்டும். தேர்தல் நெருங்கிய பிறகு கொடுத்தால் 2021இல் நடந்ததே மறுபடியும் நடக்கும்.