உள்ளது நாற்பது: மொழிபெயர்ப்பும் சார்பும்

உள்ளது நாற்பது, திருவண்ணாமலையில் ரமண மகரிஷி 1928-இல் இயற்றிய மெய்யியல் நூல். அவருடைய அடியவரான புலவர் முருகனார் வேண்டிக்கொண்டதால் எழுந்தது. மங்கல வெண்பா இரண்டும் நூல் வெண்பா நாற்பதும் கொண்டது. ஆங்கிலத்தில் இதைக் கற்ற பலருக்கு நூல் தமிழிலிருந்து நேராகப் போய்ச் சேரவில்லை; நடுவே வடமொழி நின்றது.

அந்த வடமொழி வடிவம் காவ்யகண்ட கணபதி முனிவர் (1878–1936) செய்த ‘ஸத் தர்சனம்’. 1907-இல் ‘ரமண மகரிஷி’ என்று பெயர் சூட்டியவரும் அவரே. பக்தியில் குறையில்லாதவர், ஆனால் சக்தி உபாசகர், உலகம் மெய் என்ற கொள்கையினர். அவருடைய மாணவர் கபாலி சாஸ்திரி (1886–1953) ஸத் தர்சனத்துக்கு எழுதிய பாஷ்யம் ஆங்கிலத்திலும் வெளியானது. சாஸ்திரியோ அரவிந்தர் நெறியில் ஊன்றி, புதுச்சேரி ஆசிரமத்தில் சேர்ந்தவர்.

சார்பு எங்கே புகுந்தது என்பதற்கு நூலின் முதல் வெண்பாவே போதும். நாம் உலகத்தைக் காண்கிறோம், ஆதலால் பலவாகத் தோன்றும் ஆற்றலுடைய ஒரு முதலை ஒப்புக்கொள்ள வேண்டியதாகிறது என்று தமிழ் தொடங்குகிறது. வடமொழிச் சுலோகத்தின் தொடக்கத்தில் அந்தக் ‘காண்டல்’ இல்லை. உலகுக்கும் ‘நான்’ என்பதற்கும் காரணமான, எல்லையற்ற ஆற்றலுடைய ‘பிரபு’ ஒருவரை எல்லோரும் சொல்லியாக வேண்டும் என்கிறது அது. காண்பவனை விசாரிக்கச் சொல்லும் நூலில் காண்டல் விடுபடுவது சிறிய இழப்பன்று. உலகின் உண்மை நம் காட்சியைச் சார்ந்தது என்ற குறிப்பு போய், உலகைப் படைத்த இறைவன் முன்னே வந்து நிற்கிறான்.

இதற்கு மாறான வழியில் நடந்தவர் லட்சுமண சர்மா. வெண்பாத் தமிழ் தமக்கு எட்டவில்லை என்றவருக்கு மகரிஷியே பாட்டுப் பாட்டாகப் பொருள் சொன்னார். சர்மா ஒவ்வொன்றையும் சுலோகமாக்கிக் காட்ட, மகரிஷி திருத்தினார். திருத்தியது மீண்டும் திருத்தப்பட்டது. சர்மா ‘யார்’ என்ற புனைபெயரில் ஆங்கிலத்தில் எழுதிய ‘மகா யோகம்’ 1937-இல் வந்தது. அவரும் அத்வைதச் சார்புடையவரே. ஆனால் அவருடைய சார்பை மூல ஆசிரியரே வரிவரியாகச் சோதித்தார். முன்னவர்களின் பெயர்ப்பைவிடச் சர்மாவின் சுலோகங்களை நான் நம்பக் காரணம் அதுதான்.

பிற்காலத்தில் சாது ஓம் (இறப்பு 1985), மைக்கேல் ஜேம்ஸ் இருவரும் திருவண்ணாமலையில் இருந்து தமிழ் மூலத்தைச் சொல் சொல்லாகப் பிரித்து ஆங்கிலமாக்கினார்கள். மகரிஷி பின்னர் வெண்பாக்களுக்கு இடையே சொற்களைச் சேர்த்து முழு நூலையும் கலிவெண்பாவாக இணைத்திருந்தார். பொருளைத் தெளிவாக்கும் அந்த இணைப்புச் சொற்களும் ஜேம்ஸின் ஆங்கிலத்தில் இடம்பெற்றன.