கடல் கடந்து வந்த நாடகங்கள்

வானொலித் தொடர் நாடகங்களைக் குறித்து எழுதுவோர் எழுதியவரையும் நடித்தவரையும் போற்றுவர், கேட்டவரை மறந்துவிடுவர். திருவாடானை, தொண்டி, தேவிபட்டினம் பகுதிகளின் நேயர்களோ யார் கணக்கிலும் சேராதவர்கள். அவர்கள் செவிமடுத்தது அண்டை நாட்டு வானொலி.

மத்திய அலை உப்புநீரின் மீது எளிதில் வலுக்குன்றாது. பாக் நீரிணையே அவ்வொலிக்குப் பாதையாயிற்று. சென்னை வானொலி 1938இலும் திருச்சி வானொலி 1939இலும் தொடங்கியிருந்தன. ஆயினும் 1950களில் அமைச்சர் பி.வி.கேஸ்கர் திரையிசையை ஒதுக்கியபோது மக்கள் இலங்கை வானொலியின் பக்கம் சாய்ந்தனர். பாட்டுக்காகச் சென்ற செவி நாடகத்துக்காகத் தங்கியது என்றே நான் எண்ணுகிறேன்.

எஸ்.ராம்தாஸ் எழுதிய 'கோமாளிகளின் கும்மாளம்' தொடரை எடுத்துக்கொள்வோம். அதில் மரிக்கார் முஸ்லிம்களின் தமிழ் பேசுவார். அப்புக்குட்டி யாழ்ப்பாணத் தமிழ். உபாலி சிங்களம் தோய்ந்த தமிழ். ஐயர் அக்கிரகாரத் தமிழ். கதை அற்பமானதுதான். அற்பமென்று தள்ளும் விமர்சகர்களுக்கு அந்த நால்வகைப் பேச்சின் சுவை பிடிபடவில்லை. மரிக்கார் என்பது நம் கரையின் மரைக்காயரே. தொண்டிக்காரருக்கு அவர் அயலாராகத் தோன்றியிருக்க முடியுமா? இத்தொடர் 1976இல் 'கோமாளிகள்' என்று திரைப்படமும் ஆயிற்று. சில்லையூர் செல்வராசனின் 'தணியாத தாகம்' வேறு வகை, குடும்பத் துயரம். அதை வழங்கியது மக்கள் வங்கி. அமெரிக்காவில் சோப்பு நிறுவனங்கள் செய்த வேலையை இங்கே ஒரு வங்கி செய்தது!

அந்த அமெரிக்கத் தொடர்களின் பெண் நேயர்களை 1940களில் ஆராய்ந்த ஹெர்டா ஹெர்சாக், அவர்கள் அழுது ஆறுதல் பெறவும், ஆசைகளைக் கனவில் நிறைவேற்றிக்கொள்ளவும், வாழ்க்கைக்கு யோசனை பெறவும் கேட்கிறார்கள் என்றார். நம் கரைக்கு இது போதாது. இங்கே நான்காவதாக ஒன்று உண்டு: உறவு.

தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே 1914 முதல் கப்பல் ஓடியது. 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பின்னர் இராமேசுவரத்திலிருந்து கப்பல் சென்றது. அதே 1964இன் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தால் தாயகம் திரும்பியோர் மண்டபம் முகாமில் வந்து தங்கினர். அவர்களுக்கு அந்தக் குரல்கள் பொழுதுபோக்கு அல்ல; விட்டுவந்த ஊரின் பேச்சு. அக்கரையில் கொண்டும் கொடுத்தும் இருந்த குடும்பங்களுக்கும் அவ்வாறே. நாடகம் ஒலித்த அதே வானொலியில் மரண அறிவித்தலும் வாசிக்கப்படும். அக்கரையில் உறவு உடையவர் பெட்டியை அணைப்பது எங்ஙனம்?

1983 ஜூலை வன்முறைக்குப் பின் கலைஞர்கள் பலர் சிதறினர். 'வாத்தியார் வீட்டில்' எழுதிய கே.எஸ்.பாலச்சந்திரன் பின்னாளில் கனடா சென்றார். 1984இல் கப்பலும் நின்றது. பயணச்சீட்டும் கடவுச்சீட்டும் கேளாது கடல் தாண்டியது, அதன்பின் வானொலி ஒன்றே.