வயது கேட்காத ஒரு பென்னி டிக்கெட்

1849-இல் லண்டனில் தொடங்கப்பட்ட ரயில்வே பாசஞ்சர்ஸ் அஷ்யூரன்ஸ் கம்பெனி, ரயில் டிக்கெட் வாங்கும் இடத்திலேயே காப்பீட்டையும் விற்றது. விபத்தில் பயணி இறந்தால் குடும்பத்துக்குப் பணம் கிடைக்கும்: முதல் வகுப்பில் 3 பென்ஸுக்கு 1,000 பவுண்ட், இரண்டாம் வகுப்பில் 2 பென்ஸுக்கு 500, மூன்றாம் வகுப்பில் 1 பென்னிக்கு 200. கணக்குப் போட்டால், அதே 1,000 பவுண்டுக்கு மூன்றாம் வகுப்புப் பயணி 5 பென்ஸ் கொடுத்திருக்கிறார். அந்த அநியாயம் ஒருபுறம் இருக்கட்டும். விலையைத் தீர்மானித்தது பெட்டியின் வகுப்பே தவிர பயணியின் வயது அல்ல. ரயில் தடம் புரண்டால் இருபது வயதுக்காரரும் எழுபது வயதுக்காரரும் ஒன்றாகத்தான் அடிபடுவார்கள். பயணக் காப்பீட்டில் வயது பிறகு வந்து சேர்ந்தது. அயலூர் மருத்துவமனைச் செலவை ஈடுகட்டுவது அதன் முக்கிய வேலையானபோது, உடல்நிலையை அளக்கச் சுலபமான கருவியாக வயதைப் பிடித்துக்கொண்டார்கள். முதியவர்கள் பாலிசி தேர்ந்தெடுக்கும்போது இதை நினைவில் வைப்பது நல்லது. வயது ஒரு குத்துமதிப்பான அளவு. உண்மையில் எடைபோட வேண்டியது உடல்நிலையைத்தான்.

வயது கூடினால் செலவும் கூடத்தானே செய்கிறது என்று காப்பீட்டுக்காரர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான், அதை மறுப்பதற்கில்லை. பிரிட்டனில் 2012 அக்டோபரில் சேவைகளில் வயதுப் பாகுபாட்டைத் தடைசெய்தபோதும், நிதிச் சேவைகளுக்கு விலக்கு கொடுத்தார்கள். ஆனால் வயதைக் காட்டிக் கதவைச் சாத்திவிட்டால், சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்திருக்கும் எண்பது வயதுக்காரரும் போன மாதம் மாரடைப்பு வந்தவரும் ஒரே வரிசையில் நிற்க நேர்கிறது. அதே 2012-இல் காப்பீட்டுத் துறை அரசோடு ஓர் உடன்பாட்டுக்கு வந்தது: வயதின் காரணமாக மறுத்தால், எடுக்கக்கூடிய வேறு நிறுவனத்துக்கு வழிகாட்ட வேண்டும். 2021 ஏப்ரலில், ஏற்கெனவே நோய் உள்ளவர்களைச் சிறப்பு நிறுவனங்களின் பட்டியலுக்கு அனுப்புவது விதியாகவே ஆனது. நோயை நேராக விசாரித்து விலை சொல்லும் நிறுவனங்கள் இருந்ததால்தான் இந்த விதி சாத்தியமாயிற்று.

இதைவிடப் பெரிய மாற்றம், பலர் கவனிக்காத ஒரு சட்டத்தில் இருக்கிறது. அதற்கு முன் இருந்த, கடல் காப்பீட்டுக்கான 1906-ஆம் ஆண்டுச் சட்டம், முக்கியமான எதையும் கேட்காமலே சொல்லிவிட வேண்டும் என்ற கடமையை வாடிக்கையாளர் தலையில் வைத்தது. கப்பல் முதலாளிக்குப் பொருந்திய அந்த விதியைத்தான் ஓய்வூதியக்காரர்மீதும் சுமத்தினார்கள். எந்த மாத்திரை முக்கியம், எது இல்லை என்று அவருக்கு எப்படித் தெரியும்? 2013 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் காப்பீட்டுச் சட்டம் இதை மாற்றியது. கேட்ட கேள்விக்கு நியாயமான கவனத்தோடு பதில் சொன்னால் போதும். கவனக்குறைவால் ஒன்றை விட்டுவிட்டு, அதனால் 200 பவுண்ட் கட்ட வேண்டியவர் 100 மட்டும் கட்டியிருந்தால், இழப்பீட்டில் பாதி கிடைக்கும். வேண்டுமென்றே மறைத்தால் ஒன்றுமே கிடைக்காமல் போகலாம். ஆகவே மருத்துவக் கேள்விகளே இல்லாத மலிவுப் பாலிசியைக் கண்டு மகிழ வேண்டியதில்லை. அதில் பழைய நோய்கள் மொத்தமாக விலக்கப்பட்டிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். நிறையக் கேள்வி கேட்கும் பாலிசிதான் பெரும்பாலும் முதியவருக்குப் பாதுகாப்பு.

பிரிட்டன் அரசு தரும் இலவச மருத்துவ அட்டை இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்பவர்களும் உண்டு. 2021-இல் வந்த ஜிஹெச்ஐசி அட்டை ஐரோப்பிய ஒன்றிய நாடுகளின் அரசு மருத்துவமனைகளில் உதவும் என்பது மெய்தான். ஆனால் நோயாளியை ஸ்ட்ரெச்சரில் வைத்து விமானத்தில் ஊர் கொண்டுவரும் செலவை அது ஏற்காது. தனியார் மருத்துவமனைப் பில்லையும் ஏற்காது. குளிருக்குத் தப்பி லண்டனிலிருந்து யாழ்ப்பாணத்துக்கோ சென்னைக்கோ போகும் தமிழ் முதியவர்களுக்கு அங்கே அந்த அட்டை செல்லாது. இலங்கையும் இந்தியாவும் அந்த ஏற்பாட்டுக்குள் வரவில்லை.