தலைவலி மலை

1/ நெய்வேலி டவுன்ஷிப் நண்பர் கிர்கிஸ்தான் ட்ரெக்கிங் போறார். கைடு உண்டு. ராத்திரி சோங் கோல் ஏரிக்கரையில, ஆட்டு ரோமக் கம்பளம் போர்த்தின யுர்ட் கூடாரத்துல தங்கல். உயரம் சுமார் 3,000 மீட்டர். "தினமும் ஓடறேன் டாக்டர், நமக்கு ஒண்ணும் ஆகாது"ன்னார். அவருக்குச் சொன்ன வரலாறு இது.

2/ மலையேறினா தலைவலி, வாந்தி வரும்னு 2,000 வருஷம் முன்னாடியே சீன ஹான் அரசுப் பதிவுல இருக்கு. மலைக்குப் பேரே 'பெரிய தலைவலி மலை'! காரணம் ஆக்சிஜன் அழுத்தம் குறையறதுதான்னு 1878ல விளக்கினவர் பிரான்ஸின் பால் பேர்.

3/ 1962 சீனப் போர். சமவெளியில இருந்த நம்ம வீரர்களை அவசரமா இமயமலைக்கு ஏத்தினாங்க. பலர் எதிரியைப் பார்க்கும் முன்னாடியே மூச்சுத் திணறிச் சாய்ஞ்சாங்க. 1969ல டாக்டர் இந்தர் சிங் குழு, மலை நோய் வந்த 1,925 வீரர்களைப் பத்திக் கட்டுரை வெளியிட்டது. எல்லாரும் திடகாத்திரமானவங்க. உடற்தகுதி காப்பாத்தல.

4/ பாடம்: 3,000 மீட்டருக்கு மேல, தூங்கற உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல கூட்டாதீங்க. தலைவலியோட மேலே ஏறாதீங்க. சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்குதா, நடை தள்ளாடுதா? உடனே கீழே இறங்குங்க. அதுதான் முதல் மருந்து.

5/ நண்பர் வழியில ஒரு நாள் கூடுதலா தங்கறார். மகிழ்ச்சி.