கடலோர வீட்டுக்குப் பழைய மரம் செட் ஆகுமா? உங்கள் ரசனைக்கு ஏற்ற 4 ஐடியாக்கள்!

ஈ.சி.ஆரில் முட்டுக்காடு தட்சிணசித்ராவைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்த அன்று ராத்திரி, பலர் வீட்டில் ஒரே பேச்சாகத்தான் இருக்கும். 'அந்த மாதிரி ஒரு தூணு, ஒரு பழைய கதவு நம்ம ஹால்லயும் இருந்தா எப்படி இருக்கும்!'

லாரி பேக்கர் வடிவமைப்பில் உருவாகி, 1996-ல் திறக்கப்பட்ட வளாகம் அது. தென் மாநிலங்களின் பழைய வீடுகள் பலவற்றைப் பிரித்து எடுத்து வந்து, அங்கே மறுபடியும் நிறுத்தியிருக்கிறார்கள். கேரளாவின் புதுப்பள்ளியில் 1850-ல் கட்டப்பட்ட மர வீடும் அதில் ஒன்று. கடல் காற்று வீசும் இடத்தில் அது இன்றும் நிற்கிறது. ஆனால், நீங்கள் ஆசை ஆசையாக வாங்கிய 'ரஸ்டிக் லுக்' டி.வி யூனிட் இரண்டே மழைக்காலத்தில் உப்பிப்போகிறதே, ஏன்?

பல நேரங்களில் அது மரமே இல்லை என்பதுதான் காரணம். மர நாரைப் பசையோடு சேர்த்து அழுத்திய எம்.டி.எஃப் பலகை, அதன்மேல் மரக்கோடு அச்சிட்ட தாள். ஓரம் வழியாக ஈரம் ஏறினால், உப்பி உதிர்ந்துவிடும். மாமல்லபுரம் கரையோரம் வீடு என்றால் உப்புக்காற்று, ஈரம், கரையான் மூன்றையும் மரம் தாங்க வேண்டும். இதை மனதில் வைத்துக்கொண்டு, உங்கள் ரசனைக்கு எது சரிவரும் என்று பார்க்கலாம், வாங்க.

'பாட்டி வீடு மாதிரி வேணும்!'

வீடு முழுக்க மரம் இழைக்க வேண்டியதில்லை. ஒரு நிலைக்கதவு அல்லது ஒரு ஜோடித் தூண் போதும். சிவப்பு ரெட் ஆக்ஸைடு தரையோ, ஆத்தங்குடி டைல்ஸோ அதற்குப் பொருத்தமான ஜோடி. இடித்த வீடுகளின் கதவு, தூண், உத்தரம் எல்லாம் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் கிடைக்கின்றன. ஊஞ்சல் மாட்டுவதென்றால் மட்டும் அவசரப்படாதீர்கள். கொக்கி எந்த இடத்தில் வரலாம், சீலிங் எவ்வளவு பாரம் தாங்கும் என்று இன்ஜினீயரிடம் கேட்டுவிட்டு மாட்டுங்கள்.

'சிம்பிளா இருந்தாப் போதும்!'

வெள்ளைச் சுவர், அதில் ஒரே ஒரு கனமான பலகை. வேம்பு, பூவரசு, பலா என நம் ஊர் மரங்களே இதற்குப் போதும். பலா மரம் முதலில் மஞ்சளாக இருந்து, வருடங்கள் போகப்போகச் செம்பழுப்பாக மாறும். அந்த நிறமாற்றம்தான் அதன் அழகு. மேலே பெயின்ட் அடித்து மறைத்துவிடாதீர்கள். புதிதாக அறுத்த பலகை என்றால், நன்றாகக் காய்ந்ததா என்று கேட்டு வாங்குங்கள். பச்சை மரம் காயும்போது முறுக்கிக்கொள்ளும், வெடிக்கும்.

'பீச் ஹவுஸ் ஃபீல் வரணும்!'

இதற்கு நம் கரையோரச் சவுக்குத் தோப்பே கைகொடுக்கும். சவுக்குக் கழியில் திரைச்சீலை ராடு, செடித் தொட்டி ஸ்டாண்ட், வெளித் திண்ணைக்குத் தடுப்பு எல்லாம் செய்யலாம். பட்டையை முழுக்க உரித்துவிடச் சொல்லுங்கள். பூச்சி குடியேறுவது பட்டைக்கு அடியில்தான். ஃபைபர் படகுகள் வந்த பிறகு ஒதுக்கப்பட்ட பழைய மரப்படகின் பலகை கிடைத்தால், அதில் அருமையான டீப்பாய் செய்யலாம். உப்பில் ஊறிய மரம் என்பதால், நல்ல தண்ணீரில் பலமுறை கழுவி, நிழலில் காயவைத்த பிறகே உள்ளே கொண்டு வாருங்கள்.

பனங்கை பிடிக்குமா? பழைய வீட்டுக் கூரையிலிருந்து எடுத்ததைத் தேடுங்கள். பனை நம் மாநில மரம். அதை வெட்ட கலெக்டர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் பட்ஜெட்டிலேயே அறிவித்துவிட்டார்கள்.

'நாங்க வாடகை வீடுங்க!'

சுவரில் ஓர் ஆணிகூட அடிக்க வேண்டாம். பழைய மர ஏணியைச் சாய்த்து வைத்தால் துண்டு, புடவை போட ஸ்டாண்ட். தகரப்பூண் போட்ட மரப்பெட்டி சென்டர் டேபிள் ஆகும். பரணில் கிடக்கும் முக்காலி, பல்லாங்குழி, மர அஞ்சறைப்பெட்டி எல்லாவற்றையும் இறக்கித் துடையுங்கள். வீடு மாறும்போது எல்லாமே உங்களோடு வந்துவிடும்.

வாங்கும் முன் 5 நிமிட செக்கப்

* தட்டிப் பாருங்கள். 'டங்' என்று கெட்டியாகக் கேட்க வேண்டும். பொத்தென்று கேட்டால் உள்ளே உளுத்திருக்கலாம்.

* ஓரத்திலும் அடிப்பக்கத்திலும் ஸ்க்ரூ டிரைவரால் குத்துங்கள். மெத்தென்று இறங்கினால் வேண்டாம்.

* குண்டூசித் தலை அளவு ஓட்டைகளும், கீழே மாவு போன்ற பொடியும் இருந்தால் பூச்சி இன்னும் உள்ளேயே இருக்கிறது.

* பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். காய்ந்த நிலையில் தேய்த்துத் தூசி கிளப்ப வேண்டாம். குழந்தைகளைத் தள்ளி நிறுத்தி, மாஸ்க் போட்டு, ஈரப்படுத்தித் தேய்க்கச் சொல்லுங்கள்.

* துருப்பிடித்த ஆணிகளைப் பிடுங்கிவிட்டுப் பித்தளை அல்லது 316 கிரேடு ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ போடச் சொல்லுங்கள். சாதாரண இரும்பு இந்தக் காற்றில் துருவேறி, மரத்திலும் கறை படிய வைக்கும்.

மாமல்லபுரம் சொல்லும் பாடம்

ஐந்து ரதங்களைப் பார்த்திருப்பீர்கள். 7-ம் நூற்றாண்டில் சிற்பிகள் அங்கே கல்லில் வடித்தது மரத்தாலும் ஓலையாலும் ஆன கட்டடங்களின் வடிவத்தைத்தான். திரௌபதி ரதம் அச்சு அசலாக ஒரு கூரைக் குடிசை. அந்தக் காலத்து மரக் கட்டடங்கள் மக்கிப்போய்விட்டன; கல் நிற்கிறது. நம் பழைய வீடுகளில் மரத்தூணுக்கு அடியில் கல் வைத்ததும் இது தெரிந்துதான். தரை ஈரமும் கரையானும் நேராக மரத்தில் ஏறாது. நீங்களும் தூணைத் தரையில் நிறுத்தாமல் ஒரு கல்மேல் நிறுத்துங்கள். அலமாரியைச் சுவரிலிருந்து இரண்டு விரல் தள்ளி வையுங்கள். காற்று போய்வர வேண்டும்.

பராமரிப்பும் பெரிய வேலை இல்லை. மழைக்காலத்துக்கு முன் ஒருமுறை, ஆளி விதை எண்ணெயைத் துணியில் தொட்டுப் பூசி, மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். ஏற்கெனவே வார்னிஷ் அடித்த மரத்துக்கு இது தேவையில்லை. ஒரு முக்கியமான விஷயம்: எண்ணெய் ஊறிய துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவைத்து, அப்புறம் தூக்கிப் போடுங்கள்.

கடைக்குக் கிளம்பும் முன் உங்கள் வீட்டுப் பரணையும் ஊரில் பூட்டிக்கிடக்கும் தாத்தா வீட்டையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். நீங்கள் தேடும் பலகை அங்கேயே கிடக்கலாம்!