எரிவாயுவில் ஓடிய பெட்ரோல் வண்டிகள்



கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் சில ஆண்டுகளுக்கு முன்புவரை டாக்சி ஏறியவர்களுக்கு ஒரு காட்சி நன்றாக நினைவிருக்கும். பெட்டியும் பையுமாக நாம் நிற்போம். டாக்சிக்காரர் காடியின் பின்பக்கத்தைத் திறப்பார். அங்கே சாமான் வைக்க இடமே இராது. நீண்டு உருண்ட இரும்புத் தோங் ஒன்று அவ்விடத்தை அடைத்துக்கொண்டு படுத்திருக்கும். அதுதான் எரிவாயு அடைத்த தோங். பெட்ரோலுக்கென்று செய்யப்பட்ட காடியை வாயுவில் ஓடும்படி மாற்றியதன் அடையாளம் அது. இப்படி மாற்றும் வித்தை எங்கே தொடங்கியது, நம் நாட்டுக்கு எப்படி வந்தது, ஏன் மறைந்தது என்பதையே இன்று நாம் காணப் போகிறோம்.

பெட்ரோல்தான் மூத்தது, எரிவாயு பிறகு வந்த புதுமை என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். உண்மை அதற்கு நேர்மாறானது. 1860ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் எத்தியென் லெனுவார் என்பவர் செய்த இயந்திரம் நிலக்கரி வாயுவில் ஓடியது. தெருவிளக்கு எரிப்பதற்காகக் குழாய்வழி வந்துகொண்டிருந்த அதே வாயுதான். 1876இல் ஜெர்மனியில் நிக்கோலாஸ் ஓட்டோ என்பவர் நான்கு அசைவுகளில் இயங்கும் இயந்திரத்தைச் செய்தார். உள்ளிழுத்தல், அழுத்துதல், வெடித்தல், வெளித்தள்ளுதல் என்னும் அந்த நான்கும் இன்று நம் மோட்டார் சைக்கிளிலும் நடக்கின்றன. ஓட்டோவின் இயந்திரமும் வாயுவைக் குடித்தே ஓடியது. கார்ல் பென்ஸ் தம் மூன்று சக்கரப் பெட்ரோல் வண்டிக்கு உரிமம் பெற்றது அதன்பின், 1886இல். ஆகவே பெட்ரோல் காடியை வாயுவுக்கு மாற்றுவது, கட்டிக்கொடுத்த பெண் தாய்வீட்டுக்குத் திரும்பி வருவது போலத்தான்.

அப்படியானால் பெட்ரோல் எதனால் வென்றது? தூக்கிச் செல்வது எளிது என்பதனால். ஒரு லிட்டர் பெட்ரோலை ஒரு போத்தலில் அடக்கிவிடலாம். அதே சூட்டைத் தரக்கூடிய இயற்கை எரிவாயு, அழுத்தாமல் விட்டால், ஏறத்தாழ ஆயிரம் லிட்டர் இடத்தைப் பிடிக்கும். 200 லிட்டர் எண்ணெய்ப் பீப்பாய் ஐந்தை அடுக்கிப் பார்த்தால் அளவு விளங்கும். அந்தக் காலத்து நிலக்கரி வாயு இன்னும் நலிந்தது. அதற்கு ஏறக்குறைய பத்துப் பீப்பாய் வேண்டும். குழாயில் கட்டிப்போட்ட இயந்திரம் ஆலையில் நின்று உழைக்கலாம். சடக்கில் ஓட முடியாது. வாயுவண்டியின் வரலாறு முழுவதும் இந்த ஒரே தொல்லையோடு நடந்த மல்லுக்கட்டுதான்.

முதல் உலகப் போரில் பெட்ரோல் முடைப்பட்டபோது, இங்கிலாந்தில் பஸ்களின் கூரைமேல் பெரிய துணிப்பைகளைக் கட்டி, அவற்றில் நிலக்கரி வாயுவை நிரப்பி ஓட்டினார்கள். வாயு தீரத் தீரப் பை தொய்ந்து போகும். கொஞ்சத் தூரம் ஓடினால் மறுபடியும் நிரப்ப வேண்டும். பார்ப்பதற்கு வேடிக்கையாக இருந்திருக்கும். ஆனாலும் அவசரத்துக்கு உதவியது.

அடுத்து வந்த யோசனை இன்னும் கெட்டிக்காரத்தனமானது. வாயுவைச் சுமந்து செல்வானேன்? ஓடுகிற வண்டியிலேயே அதை உண்டாக்கினால் என்ன?

விறகடுப்பு ஊதிய தாய்மார்களுக்கு இதை விளக்குவது எளிது. ஈர விறகு தீப்பிடிக்காமல் புகைந்துகொண்டே இருக்கும். ஊதாங்குழலால் ஊதுவீர்கள். திடீரென்று 'குப்'பென்று சுவாலை எழும். அப்போது எரிந்தது விறகு மட்டுமன்று; புகையே எரிந்தது. போதிய காற்றில்லாமல் விறகோ கரியோ கனலும்போது கார்பன் மோனாக்சைடு என்னும் வாயு பிறக்கிறது. ஈரத்திலிருந்து சிறிது ஹைட்ரஜனும் பிரிகிறது. இரண்டுமே எரியக்கூடியவை. அடுப்பில் வீணாகப் போகும் இந்த வாயுவை மூடிய உலையில் உண்டாக்கி, குளிரவைத்து, தூசும் தாரும் நீக்கி, காற்றோடு கலந்து இயந்திரத்துக்குக் கொடுத்தால் இயந்திரம் ஓடும். அல்சாஸ் பகுதியைச் சேர்ந்த ஜார்ஜ் இம்பேர் என்பவர் 1920களில் இத்தகைய விறகு உலையைச் செம்மைப்படுத்தினார். இரண்டாம் உலகப் போர் முடிவதற்குள் ஜெர்மனியில் மட்டும் சுமார் 5 லட்சம் வண்டிகள் இவ்விதம் ஓடின. எண்ணெய் வளம் இல்லாத சுவீடனில் கப்பல் போக்குவரத்து தடைப்பட்டபோது, நாட்டின் வாகன ஓட்டத்தைத் தாங்கிப் பிடித்தவை விறகு வண்டிகளே.

இயந்திரத்தில் பெரிய மாற்றம் ஒன்றும் தேவைப்படவில்லை. பெட்ரோல் இயந்திரத்தில் தீப்பொறி கொடுக்கும் பிளக் ஏற்கெனவே இருக்கிறது. காற்றும் எரிபொருளும் கலந்து உள்ளே போனால் போதும். கலந்தது பெட்ரோல் ஆவியா, விறகு வாயுவா என்று அது கேட்பதில்லை. ஆனால் பலம் குறைந்துவிடும். விறகு வாயுவில் ஏறத்தாழப் பாதி, எரியவே எரியாத நைட்ரஜன். வெறும் கஞ்சித் தண்ணீர் குடித்துவிட்டு மரம் வெட்டப் போனவன் நிலைதான் இயந்திரத்துக்கும். ஒரு லிட்டர் பெட்ரோல் செய்கிற வேலைக்குச் சுமார் 3 கிலோ விறகு தேவைப்பட்டது.

போர் 1941 டிசம்பரில் மலாயாவுக்கு வந்தது. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. 'ஜப்பான்காரன் காலம்' என்று நம் பெரியவர்கள் சொல்லும் அந்த மூன்றரை ஆண்டுகளில் பெட்ரோல் இராணுவத்துக்கே போயிற்று. அரிசிக்குப் பதில் மரவள்ளி வந்தது போலப் பெட்ரோலுக்குப் பதில் கரி வந்தது. மலாயாவிலும் சிங்கப்பூரிலும் பஸ்களுக்கும் லோரிகளுக்கும் கரி உலையைப் பொருத்தினார்கள். ஜப்பானியர்களுக்கு இது புதிதன்று. எண்ணெயை வெளிநாட்டிலிருந்தே வாங்கவேண்டியிருந்த அவர்கள், தம் சொந்த நாட்டிலும் கரிக் காடிகளை ஓட்டியவர்கள். விறகைவிடக் கரியில் தார் குறைவு என்பதால், இயந்திரத்துக்குக் கரியே ஏற்றதாயிற்று. வாங்குவாரற்றுக் கிடந்த நம் ரப்பரைக்கூடக் காய்ச்சி எண்ணெய் எடுக்கப் பார்த்த காலம் அது. அதே சமயத்தில் சென்னை மாகாணத்துச் சாலைகளிலும் கரிவாயு பஸ்கள் ஓடிக்கொண்டிருந்தன.

கரி பஸ் ஓட்டுவது சாமானிய வேலையன்று. காலையில் நினைத்தவுடன் கிளப்ப முடியாது. உலையில் தீமூட்டி, விசிறியைச் சுற்றி, நல்ல வாயு வரும்வரை காத்திருக்க வேண்டும். சாம்பல் அள்ள வேண்டும். வடிகட்டியைச் சுத்தம் செய்ய வேண்டும். வழியில் கரி போட வேண்டும். மேட்டில் ஏறும்போது மூச்சுத் திணறும். பயணிகள் இறங்கித் தள்ளுவதும் உண்டு. இதையெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம். சிரிக்க முடியாதது ஒன்றும் உண்டு. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. மூச்சோடு உள்ளே போய், இரத்தத்தில் உயிர்க்காற்று சேரவேண்டிய இடத்தில் தான் அமர்ந்துகொள்ளும். முதலில் தலைவலி, பிறகு மயக்கம், பிறகு மரணம். வாயு கசியும் கொட்டகைக்குள் உலையைக் கிளறிய ஓட்டுநர்களும் உதவியாளர்களும் பல நாடுகளில் இவ்விதம் மாண்டனர். மூடிய அறைக்குள் கரிச்சட்டி வைத்துத் தூங்கக்கூடாது என்று இன்றும் நாம் சொல்வது இதே காரணத்தால்தான்.

போர் முடிந்து பெட்ரோல் திரும்பியதும் கரி உலைகள் பழைய இரும்புக் கடைக்குப் போயின. யாரும் அவற்றுக்காக வருந்தியதாகத் தெரியவில்லை.

வாயு வேறு உருவத்தில் மீண்டும் வந்தது. இத்தாலியில் நிலத்தடியிலிருந்து கிடைத்த இயற்கை எரிவாயுவை 1930களிலேயே தோங்குகளில் அழுத்தி அடைத்துக் காடிகளில் பயன்படுத்தத் தொடங்கியிருந்தனர். 1954இல் ரெஞ்சோ லாந்தி என்பவர் அந்நாட்டில் தொடங்கிய மாற்றுக்கருவித் தொழிற்கூடம் பின்னர் உலகெங்கும் பெயர் பெற்றது. 1973, 1979ஆம் ஆண்டுகளின் எண்ணெய் நெருக்கடிகள் மற்ற நாடுகளையும் இப்பக்கம் திரும்ப வைத்தன. நியூசிலாந்து அரசாங்கம் மானியமும் கடனும் கொடுத்து, 1980களின் நடுவில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட காடிகளை வாயுவுக்கு மாற்றியது. மானியம் நின்றதும், எண்ணெய் விலை இறங்கியதும், அத்தனையும் சில ஆண்டுகளில் கரைந்து போயின. இதை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். நம் நாட்டிலும் ஏறக்குறைய இதே கதைதான்.

இப்போது தோங்குக்குள் பார்ப்போம். சமையல் வாயுத் தோங்கில் இருப்பது புரோப்பேன், பியூட்டேன் என்னும் வாயுக்களின் கலவை. சற்றே அழுத்தினால் திரவமாகிவிடும். டாக்சியில் இருந்தது மீத்தேன் எனப்படும் இயற்கை எரிவாயு. அது அவ்வளவு எளிதில் திரவமாகாது. ஆகையால் கடுமையாக அழுத்தித் திணிக்க வேண்டும். காடியின் டயரில் உள்ள அழுத்தத்தைப்போல் ஏறக்குறைய நூறு மடங்கு. அதனால்தான் அந்தத் தோங் அவ்வளவு தடிப்பு, அவ்வளவு பாரம். சமையல் தோங்கை இந்த வேலைக்கு வைப்பது தற்கொலைக்கு ஒப்பானது என்று நாம் அடித்துச் சொல்வோம்.

இந்த அழுத்தத்தோடு வாயுவை இயந்திரத்துக்குள் விட முடியாது. குறைப்பான் என்ற கருவி அதைப் படிப்படியாகத் தணிக்கிறது. அழுத்தம் இறங்கும்போது வாயு கடுமையாகக் குளிரும். உறைந்து போகாதிருக்க இயந்திரத்தின் சுடுநீர் அதைச் சுற்றி ஓடும். பழைய முறையில், தணிந்த வாயு கார்புரேட்டரின் கழுத்தில் காற்றோடு கலந்தது. இயந்திரம் எவ்வளவு மூச்சிழுக்கிறதோ அவ்வளவு வாயு போகும். எளிய முறை, மலிவான முறை. ஈஸ்வரா போன்ற கார்புரேட்டர் காடிகளுக்கு இது ஒத்துப்போயிற்று.

பின்னர் வந்த காடிகளில் கார்புரேட்டர் இல்லை. ஒவ்வொரு உருளைக்கும் பெட்ரோலை அளந்து பீய்ச்சும் சிறு ஊசிக்குழாய்கள் வந்தன. அவற்றுக்குப் பழைய கலப்பானைப் பொருத்தியபோது சங்கடம் உண்டாயிற்று. காற்றுக்குழாய் முழுவதும் எரியும் கலவை நிரம்பி நிற்கும். ஒரு தீப்பொறி பின்னால் பாய்ந்தால் குழாயே 'டமார்' என்று வெடித்துத் தெறிக்கும். இதற்கு விடையாக 1990களின் இறுதியிலும் 2000க்குப் பிறகும் பரவியதுதான் வாயுவையே பீய்ச்சும் முறை. இதிலுள்ள தந்திரம் மெச்சத்தக்கது. காடியின் மின்னணுப் பெட்டி, தான் பெட்ரோலைத்தான் பீய்ச்சுகிறோம் என்று நம்பிக்கொண்டு கட்டளையிடும். இடையில் இருக்கும் இன்னொரு பெட்டி அந்தக் கட்டளையை வாங்கி, பெட்ரோலை நிறுத்திவிட்டு, வாயுவின் சூட்டையும் அழுத்தத்தையும் கணக்கிட்டு, எவ்வளவு நேரம் வாயு போகவேண்டும் என்று முடிவு செய்யும். ஒரு நொடியை ஆயிரம் கூறாக்கினால் அதில் சில கூறுகளே அந்த நேரம். வாயு உருளையின் வாயிலருகே மட்டும் நுழைவதால் குழாயில் தேங்குவதில்லை. காலையில் காடி பெட்ரோலில் கிளம்பும்; இயந்திரம் சூடேறியதும் தானே வாயுவுக்கு மாறிக்கொள்ளும். கரி உலையை விசிறிக்கொண்டு நின்ற ஓட்டுநர் இதைக் கண்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்!

திரெங்கானுக் கடலில் எரிவாயு கிடைத்து, கெர்த்தேயிலிருந்து குழாய்கள் மேற்குக் கரைவரை நீண்டபின்தான் மலேசியாவில் இதற்கு வழி பிறந்தது. 1980களில் சிறு சோதனை; 1990களில் கிள்ளான் பள்ளத்தாக்கில் விற்பனை. 1995இல் பெட்ரோனாஸ் இதற்கென்றே ஒரு துணை நிறுவனத்தை அமைத்தது. 'என்ஜிவி' என்ற பெயர் டாக்சிக்காரர்கள் வாயில் அப்படித்தான் புகுந்தது. வாயுவின் விலை பெட்ரோல் விலையில் பாதி அல்லது அதற்கும் குறைவு. 2008 ஜூனில் பெட்ரோல் லிட்டருக்கு 2 வெள்ளி 70 காசாக ஏறியபோது பட்டறைகளில் கூட்டம் நெரிந்தது.

நாள் முழுவதும் ஓடும் டாக்சிக்காரருக்கு அந்த மிச்சம் சிறிதன்று. பிள்ளையின் பள்ளிச் செலவு, வீட்டு வாடகை எல்லாம் அதிலிருந்து வந்தன. தோட்டத்தை விட்டுப் பட்டணம் வந்து டாக்சி ஓட்டிப் பிழைத்த நம்மவர்களும் இவர்களுள் உண்டு. ஆனால் முதலில் சில ஆயிரம் வெள்ளி போட வேண்டும். நிரப்பும் நிலையங்கள் பெரும்பாலும் கிள்ளான் பள்ளத்தாக்கிலேயே இருந்தன. அங்கும் நீண்ட வரிசை. ஒருமுறை நிரப்பினால் ஏறக்குறைய 150 கிலோமீட்டர்தான். ஆகவே தோட்டத்து வண்டிகளுக்கு இந்த வசதி பெரும்பாலும் எட்டவேயில்லை.

2015இல் வாயுவின் விலை உயர்த்தப்பட்டது. பெட்ரோலோ இறங்கியிருந்தது. கைப்பேசியில் அழைக்கும் வாடகைக் காடிகள் வந்து டாக்சித் தொழிலையே ஆட்டிவைத்தன. நிலையங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. எல்லாவற்றுக்கும் மேலாகத் தோங்குகளுக்கு வயதாயிற்று. அவற்றின் பாதுகாப்பான ஆயுள் 15 ஆண்டுகள். அத்தனை அழுத்தத்தைத் தாங்கித் தாங்கி நிரம்பியும் வடிந்தும் வந்த இரும்பை அதற்குமேல் நம்ப முடியாது. மாற்றுவதற்கோ செலவு அதிகம். வருமானம் குறைந்த டாக்சிக்காரர் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். 2024 நவம்பரில் அரசாங்கம் முடிவை அறிவித்தது. அப்போது பதிவில் இருந்த வாயு வண்டிகள் 44,383. நாட்டின் மொத்த வாகனங்களில் சுமார் 0.2 விழுக்காடு. 2025 ஜூலை 1 முதல் என்ஜிவி விற்பனை நின்றது. அவ்வாயுவில் வண்டி ஓட்டுவதும் தடை செய்யப்பட்டது. உரிமையாளர்களுக்கு உதவித்தொகையும் அறிவிக்கப்பட்டது.

இரண்டிலும் ஓடும்படி மாற்றப்பட்ட காடிகளுக்கு இதனால் பெரும் நட்டமில்லை. வாயுக் கருவியைக் கழற்றிவிட்டால் பழையபடி பெட்ரோல் காடிதான். வாயுவில் மட்டுமே ஓடும்படி செய்யப்பட்டவை நிலைமை வேறு. கழற்றும் வேலையும் வீட்டு முற்றத்தில் ஸ்பேனர் கொண்டு செய்யக்கூடியதன்று. காலியானது போலத் தோன்றும் தோங்கிலும் அழுத்தம் மிஞ்சியிருக்கலாம். பழகிய பட்டறையில் வாயுவை வெளியேற்றி, தோங்கை இறக்கி, சாலைப் போக்குவரத்து இலாகாவில் பதிவையும் மாற்றிக்கொள்ள வேண்டும். கழற்றிய தோங்கைத் தண்ணீர்த் தொட்டியாக வெட்டலாம், ஒட்டுக்கடைக்குப் போடலாம் என்று யாராவது சொன்னால், நேயர்களே, அதைக் கேட்டுவிட வேண்டாம்.