குளிசையை நிறுத்திய விதி

பிறப்பில் ஆண் எனக் குறிக்கப்பெற்றுப் பெண்ணாக வாழும் திருநங்கையருட் பலர் ஈஸ்திரோசன் என்னும் ஓமோனை மருந்தாகக் கொள்வர். பால் உறுதிப்பாட்டுச் சத்திரசிகிச்சைக்குச் சில வாரங்களுக்கு முன்னரே அம்மருந்தை நிறுத்திவிடல் வேண்டும் என்பது நெடுங்காலமாக வைத்தியசாலைகள் பலவற்றின் விதியாயிருந்தது. அவ்விதி எவ்வாறு தோன்றிற்று, எவ்வாறு தளர்ந்தது என்பதை அறிதல் பயனுடையது.

விதியின் வேர், குருதி உறைவு பற்றிய அச்சமாகும். கால் நாளத்தில் உறைந்த குருதி நுரையீரலைச் சென்றடைப்பின் உயிருக்கே இறுதி நேரலாம். குருதியோட்டம் தளர்தல், நாளச்சுவர் ஊறுபடுதல், குருதியின் உறையுந்தன்மை மிகுதல் ஆகிய மூன்றுமே இதற்கு ஏதுக்கள். ஜேர்மனிய அறிஞர் ருடோல்வ் விர்ச்சோ 1856ஆம் ஆண்டளவில் நிகழ்த்திய ஆய்வுகளிலிருந்து இக்கருத்து வளர்ந்தது. நீண்ட சத்திரசிகிச்சை முதலிரண்டையும் விளைவிக்கும். மூன்றாவதை ஈஸ்திரோசன் விளைவிக்கும் என வைத்தியர் அஞ்சினர்.

அவ்வச்சம் ஆதாரமற்றதன்று. 1938இல் பேர்லினில் எதினைல் ஈஸ்திரடயோல் என்னும் செயற்கை ஓமோன் ஆக்கப்பட்டது. அதனையோ அதனோடு நெருங்கிய சேர்மத்தையோ கொண்ட கருத்தடைக் குளிசைகள் 1960 முதல் பரவின. 1961இல் அக்குளிசை வகையொன்றை உட்கொண்ட பெண்ணொருவருக்கு நுரையீரலில் உறைவு ஏற்பட்டதை ஆங்கில வைத்தியர் ஒருவர் அறிவித்தார். 1968இல் வெளிவந்த பிரித்தானிய ஆய்வுகள் அத்தொடர்பை உறுதிப்படுத்தின. அம்ஸ்ரர்டாம் நகரில் அதே செயற்கை ஓமோனைப் பெற்ற திருநங்கையர் 303 பேரை ஆராய்ந்தோர், குருதி உறைவு எதிர்பார்த்ததினும் 45 மடங்கு மிகுந்திருந்ததென 1989இல் எழுதினர். இந்நிலையில், மருந்தை நிறுத்துக என்றது விவேகமேயாகும்.

ஆயின், பின்னர் மருந்து மாறிற்று. உறையுந்தன்மையைப் பெரிதும் மிகுவிப்பது எதினைல் ஈஸ்திரடயோலே என்றும், உடலில் இயற்கையாகச் சுரக்கும் ஈஸ்திரடயோல் அத்துணை மாற்றம் விளைப்பதில்லை என்றும் 2003இல் அம்ஸ்ரர்டாம் அறிஞரே காட்டினர். பழைய மருந்து கைவிடப்பட்டது. அதன்பொருட்டுப் பிறந்த விதியோ நிலைத்து நின்றது.

அவ்விதியின் சுமை நோயாளர் மீதே விழுந்தது. ஓமோன் திடீரென நின்றதும் உடல் வெப்பெழுச்சியும் உறக்கமின்மையும் மனச்சோர்வும் தோன்றலாம். விதைகள் அகற்றப்பட்டபின் உடல் தானாகச் சுரக்கும் பாலோமோன் மிகக் குறைந்துவிடும். அந்நிலையில் மருந்தை நெடுநாள் தொடராதுவிடின் எலும்பும் நலியும். வாழ்நாளெல்லாம் காத்திருந்த சிகிச்சையைத் தளர்ந்த உடலோடும் உள்ளத்தோடும் எதிர்கொள்ள வேண்டியதாயிற்று.

நியூயோர்க் நகரின் மவுண்ட் சைனாய் வைத்தியசாலை தன் பதிவுகளை ஆராய்ந்து 2021இல் முடிவுகளை வெளியிட்டது. ஒரு வாரம் முன்னர் மருந்தை நிறுத்தியோர் 190 பேர். நிறுத்தாதோர் 212 பேர். குருதி உறைவு கண்டவர் ஒருவரே. அவரும் நிறுத்தியோர் கூட்டத்தைச் சேர்ந்தவர்.

ஒரு வைத்தியசாலையின் கணக்கு எல்லோர்க்கும் பொருந்தும் முடிவாகாது. முன்னரே உறைவு கண்டோர், புகைப்போர், முதியோர் ஆகியோரின் நிலை வேறு. எனவே எவரும் தாமாக முடிவு செய்யாது வைத்தியரின் ஆலோசனைப்படியே ஒழுகுதல் வேண்டும். எனினும், ஒரு விதி எக்காரணத்தாற் பிறந்ததோ அக்காரணம் நீங்கியபின் அதனை மீண்டும் அளந்து பார்ப்பதும் வைத்தியரின் கடமை என்பதை இவ்வரலாறு உணர்த்துகின்றது.